எட்டு மில்லிமீட்டர்

புந்தா அரேனாசில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
பெயிண்ட் அடிக்க நாங்கள் நாள் பார்ப்பதில்லை,
அது கொஞ்சம் அசரும் மணியைப் பார்த்து
அலாரம் வைக்கிறோம்.

தொண்ணூற்றிரண்டில் செய்த செலிக்கா, இரண்டு கதவு.
கப்பலில் வந்தது வலப்பக்க ஸ்டீரிங்கோடு.
யாரோ அதைப் பிடுங்கி இடப்பக்கம் நட்டார்கள்.
பழைய துளைகளில் ரப்பர் மூடிகள்,
தோடு போடாமல் தூர்ந்த காதுகள் மாதிரி.

நண்டு ஆலையில் ஷிப்ட் முடிய இரவு பத்து.
கையுறையைக் கழற்றினாலும் வாடை கழறாத கையால்
பின்சக்கரத்து வளைவைத் தட்டினேன்.
டங்.
ஒரு சாண் தள்ளித் தட்டினேன்.
டப்.

அந்த டப்புக்குள் கிரைண்டரோடு இறங்கினேன்.
சிவப்பு, அதன்கீழ் வெள்ளை, அதன்கீழ் வேறொரு சிவப்பு,
அப்புறம் கட்டைவிரல் தடிமனுக்குப் புட்டி,
புட்டிக்குப் பின்னால்
கசக்கித் திணித்த செய்தித்தாள்.
ஜப்பானிய எழுத்து. பாதி முகத்தோடு ஒரு பெண்
எதையோ வாங்கச் சொல்லிச் சிரிக்கிறாள்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனே,
உன் சோறு முப்பது வருஷம் தாங்கியிருக்கிறது.
திட்டத்தான் வாயெடுத்தேன்.
அவனுக்கும் அன்றைக்குச் சம்பளத்துக்கு
நாலு நாள் இருந்திருக்கும்.
விட்டுவிட்டேன்.

துருவை வெட்டி முடித்தபோது
என் தலை நுழையும் ஓட்டை.
ஹெரால்டோ எட்டிப் பார்த்தான்:
“யாஸ்னா, இது கார் இல்லை, வலை.”
பழைய அளவுக்கே மூடலாம்.
அகலமாகக் கட்டப்போகிறேன் என்றேன்.
எதற்கு, ரேஸுக்கா?
இல்லை. ஓட்டை போட்டது துரு.
வடிவம் போடுவது நானாக இருக்கட்டும்.

ஃபோமை ஊதி மாவு போல உப்பவிட்டு
ரொட்டிக் கத்தியால் செதுக்கினேன்.
(வீட்டில் இப்போது ரொட்டியைப் பிய்த்துத்தான் தின்கிறோம்.)
மேலே கண்ணாடி இழைத் துணி, அதன்மேல் ரெசின்.
ஜூலை மாதம். ஷெட்டுக்குள் மூன்று டிகிரி.
இறுகவே மாட்டேன் என்றது ரெசின்.
குளித்த தலை சொட்டச் சொட்ட
நள்ளிரவில் ஹேர் டிரையரைப் பிடித்து
ஒரு காரின் இடுப்பைக் காயவைத்தேன்.

எண்பது, நூற்றெண்பது, நானூறு.
எண் ஏற ஏறச் சத்தம் இறங்கும்.
கடலின் உப்பு தின்றதை
உப்புத்தாளால் தேய்த்து மீட்கிறேன்,
இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கு வந்தது.
விளக்கை அணைத்துவிட்டு உள்ளங்கையால் பார்ப்பேன்.
கண் பூசி மெழுகும்.
கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இடப்பக்கம் பதினோரு வாரம்.
வலப்பக்கம் ஐந்தே வாரம், கற்றுக்கொண்ட திமிரில்.
அளந்தேன்.
எட்டு மில்லிமீட்டர் கூடுதல்.
டேப்பைக் குறைசொல்லி வேறு டேப்பால் அளந்தேன்.
எட்டு.

நண்டுக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு
அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.
ஹெரால்டோவின் மனைவி நெல்டா காரைச் சுற்றி வந்தாள்,
இடமிருந்து ஒரு தரம், வலமிருந்து ஒரு தரம்.
“எந்தப் பக்கம் பெரிசு?”
பக்கத்தில் நின்றால் தெரியாது,
பின்னால் நின்றால் தெரியும் என்றேன்.
“பின்னால் வருகிறவனுக்குத்தானே?
வரட்டும்.”

விடிகாலை நாலு மணிக்குக் காற்று அசந்தது.
சாம்பல் நிற பிரைமர், இரண்டு கோட்.
நாலே முக்காலுக்கு அது திரும்பி வந்து
கதவிடுக்கால் நுழைந்து
எந்த ஆட்டின் முதுகிலிருந்தோ பிடுங்கிய ஒரு மயிரை
ஈரத்தில் ஒட்டிவிட்டுப் போனது,
அதுவும் வலப்பக்கத்தில்.
தேய்த்தால் போய்விடும்.
ஞாயிற்றுக்கிழமை தேய்க்கலாம்.

இன்று சாம்பல் நிறத்திலேயே
நீரிணை ஓரமாக ஆலைக்கு ஓட்டிப் போனேன்.
பாதி முகத்துப் பெண் டாஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறாள்,
அதை இன்னும் விற்றுக்கொண்டு.
பின்னால் ஒரு மீன் லாரி
வெகுநேரம் முந்தாமலே வந்தது.