நாலாவது போல்ட்

கடலூரில் எஞ்சினை மட்டும் தர மாட்டேன் என்றார்களாம்.
எடுத்தால் படகோடு எடு.
ஜெசிந்தா டீச்சர் படகோடு எடுத்துவிட்டார்.

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
லாரியின் வாலுக்கு வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டு
பாயில்லாத பாய்மரப் படகு
ஏற்காடு ஏறியது.
பன்னிரண்டாம் வளைவில் எதிரே வந்த பஸ்
பின்வாங்கி வழிவிட்டது.
விசிலை வாயில் வைத்த கண்டக்டர்
ஊத மறந்து நின்றாராம்.

டீச்சருக்கு வேண்டியது எஞ்சின்தான்.
காபிப் பழம் உரிக்கிற மெஷினுக்கு.
கரண்டு வரும்வரை பழம் காத்திருக்காது,
புளித்துவிடும்.

அம்மாப்பேட்டையிலிருந்து நான் போனேன்.
டூல்ஸ் பெட்டி, செயின் பிளாக், எலுமிச்சம் சோறு.
கிணற்று மோட்டார், தறிக்கூடத்து ஜெனரேட்டர்,
ஒருமுறை பொருட்காட்சி ராட்டினம்,
எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.
படகுக்குள் தலையை விட்டது அன்றுதான்.

படிக்கட்டுக்கு அடியில் குந்தியிருந்தது எஞ்சின்.
அதை முதலில் வைத்துவிட்டு
சுற்றிப் படகைக் கட்டியிருப்பார்கள் போல.
முழங்கை மடங்க இடமில்லை.
ஆயிலை வடித்தேன், டீசல் குழாயை அவிழ்த்தேன்,
ஒயர்களுக்கு அடையாளமாக
பூங்காவனம் தன் பாவாடை நாடாவிலிருந்து கிள்ளிக் கொடுத்த
நூல் முடிச்சுகள்.
ஸ்டார்ட்டர் வெளியே. டைனமோ வெளியே.
இல்லாவிட்டால் வாசலில் நுழையாது.
ஷாஃப்டைப் பிடித்திருந்த துருவுக்கு
மண்ணெண்ணெய் ஒரு லிட்டர்,
கெட்ட வார்த்தை அதைவிடக் கொஞ்சம் கூட.

காலில் நாலு போல்ட்.
மூன்று, மதியத்துக்குள் வந்தன.
நாலாவது கியர்பாக்ஸுக்குப் பின்னால்,
கண்ணுக்கும் எட்டாமல் கைக்கும் எட்டாமல்.
கண்ணாடி காட்டினேன், டார்ச் அடித்தேன்,
குப்புறப் படுத்தேன்.
சேர்வராயன், "அறுத்துடலாமாண்ணே?" என்றான்.
அறுத்தால் கால் போகும்.

பூங்காவனம் வளையலைக் கழற்றி
என் சோற்றுத் தூக்கின் மூடியில் வைத்தாள்.
கையை உள்ளே விட்டாள், தோள்வரை.
முகத்தை எங்களிடமிருந்து திருப்பி
பலாமரத்தைப் பார்த்துக்கொண்டாள்.
இலைக்கு அடியில் பழுத்தது எது காய் எது என்று
பார்க்காமலே அறிகிற விரல்.
"ஒரு நட்டு இல்லண்ணா. ரெண்டு.
ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு.
மேல இருக்கறது லேசா ஆடுது."

இரண்டரை மணி நேரம்
ஆடாத கீழ் நட்டைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஸ்பேனரை அவள் கையிலேயே கொடுத்தேன்.

பலாக்கிளையில் செயின் பிளாக்.
நான் இழுக்க, சேர்வராயன் தள்ள,
நாலு விரற்கடை எழுந்தது,
பிறகு ஒரு முழம்,
பிறகு வாசலில் சிக்கி, சாய்ந்து, பெயின்டை உரித்துக்கொண்டு
வெயிலுக்கு வந்தது.
கிளை ஒருமுறை முனகியது.
படகுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த லாரி டயர்கள்
ஒரு சுண்டுவிரல் அளவு நிமிர்ந்தன.
அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.
கல் மேல் நிறுத்தி, ஒரு டிரம் தண்ணீரில் குழாயைப் போட்டு
கைப்பிடி சுற்றினேன்.
இருமியது. கறுப்பாகக் கக்கியது.
பிறகு துரு, பிறகு வெள்ளை வெள்ளையாய்ப் பொருக்கு,
கடைசியில் நகக்கண் அளவு ஒரு சிப்பி.
பொருக்கை நாக்கில் வைத்தேன்.
எங்கள் தெரு போர் தண்ணீரும் உப்புதான்.
இது வேறு உப்பு.

ஷாஃப்ட் போன இடத்தில் ஓட்டை.
பலாக்கட்டை செதுக்கி அடித்து மூடினேன்.
"தண்ணியே பாக்காத படகுக்கு எதுக்கு?" என்றார் டீச்சர்.
ஓட்டையை விட்டுவிட்டுப் போனால்
எனக்குத் தூக்கம் வராது டீச்சர்.

இப்போது மேல்தட்டில் மிளகு காய்கிறதாம்.
எஞ்சின் பழம் உரிக்கிறதாம்,
ஊரே கேட்கும் சத்தத்தோடு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி போன்.
அந்தப் பக்கம் மழை, நடுவில் பூங்காவனத்தின் குரல்:
"படகுக்குள்ள முட்டளவு தண்ணிண்ணா.
உங்க கட்டையப் புடுங்கட்டுமா?"

புடுங்கு என்றேன்.
எந்தப் பக்கம் திருகணும் என்று கேட்டாள்.