வேர்க்குரு மாதம்

கத்திரி தொடங்கி நாலாவது நாள்.
மஞ்சக்குப்பத்தில் கரண்ட்
பதினொன்றே காலுக்குப் போகிறது,
பன்னிரண்டு ஐம்பதுக்கு வருகிறது.
நடுவே அல்லிக்கு வாளி.
இரண்டரை வயது உடம்பு
அந்தப் பச்சை வாளிக்குள் இன்னும் கொள்கிறது,
முழங்காலை மடக்கினால்.
போன கோடையில் மடக்க வேண்டியிருக்கவில்லை.

"பாப்பாக்கு எடம் இல்ல" என்கிறாள்
தண்ணீரை அளைந்தபடி.
கொஞ்சம் யோசித்து
"பாப்பாக்கு ஜக்கு" என்று
தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள்.

பாப்பா என்பது இந்த வீட்டில்
தற்சமயம் ஓர் எண்.
நேற்றிரவு ஆயிரத்து நூற்று ஆறு.
போன வாரமும் ஆயிரத்து நூற்று ஆறு.
பாஸ்வேர்டு அடிக்கும்போதெல்லாம்
பூவராகன் மூச்சை அடக்குகிறான்,
விட்டால் ஏறிவிடும் என்பதுபோல.

பங்குனியில் பெர்னதெத் மேடம் வந்தார்,
வீட்டைப் பார்க்க.
ஜன்னல் கம்பி, பாத்ரூம் தாழ்ப்பாள்,
ஃபிரிட்ஜுக்குள் இருந்த தோசை மாவு
எல்லாவற்றையும் பார்த்தார்.
"உங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே, அப்புறம் ஏன்?"
மூன்று நாள் மனப்பாடம் செய்த பதில் எனக்கு இருந்தது.
வாயைத் திறப்பதற்குள் அல்லி
என் ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து
அவர் கைப்பைக்குள் திணித்தாள்.
அவர் சிரித்துவிட்டு ஏதோ எழுதினார்.
என்னைப் பற்றியா செருப்பைப் பற்றியா,
இன்றுவரை தெரியாது.

பண்ருட்டிப் பழம் பாதி வாங்கினோம்.
கையெல்லாம் எண்ணெய், முடியெல்லாம் பால்.
அப்பாவுக்கு ஒரு சுளை, எனக்கு ஒன்று,
தனக்கு நான்கு,
மிச்சம் ஒன்றை ஃபிரிட்ஜ் கைப்பிடியில்
ஒட்டிவைத்தாள்.
சாயங்காலம் எறும்பு.
எறும்பு தின்னுடுச்சு என்றேன்.
"பாப்பா எறும்பா?"
பூவராகன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

நாலரைக்குக் கடல்காற்று எழும்.
தெற்கே திரும்பினால் சிப்காட் வாசனை,
இல்லாவிட்டால் தேவனாம்பட்டினம்.
அலைக்குப் பயம், நுரைக்குப் பயமில்லை அவளுக்கு.
குல்ஃபி வண்டியருகே
கூட வேலை செய்யும் இந்துமதி கேட்டாள்:
"ஒடம்பு நல்லாத்தானே இருக்கு,
இன்னொண்ணு பெத்துக்க வேண்டியதுதானே?"
ஐஸ் உருகுது பாருங்க என்றேன்.
உருகிக்கொண்டுதான் இருந்தது.

ராத்திரி வேர்க்குரு பவுடர்.
கழுத்து மடிப்பை விரித்துப் போடும்போது
கை நின்றுவிடுகிறது.
பிறந்திருக்கலாம்.
சேலத்திலோ குண்டூரிலோ
பேர் தெரியாத ஊரிலோ
எந்த ஃபேனுக்குக் கீழே?
அந்தக் கழுத்தை யார் விரித்துப் பார்க்கிறார்கள்?
ஷிஃப்டு முடிந்து பஸ் பிடிக்கும் அவசரத்தில்
ஓர் ஆயா, ஒரே துணியால்
எட்டுக் கழுத்தை.

எனக்கு முன்னால் நிற்பவர்கள் வீட்டிலும்
வாளிகள் இருக்கும்.
அது பரவாயில்லை.
இந்த எண்ணில் ஒன்று குறைய
எங்கோ ஒருத்தி
கையை விலக்கிக்கொள்ள வேண்டும்.
குறையட்டும் என்று வேண்டிக்கொள்ள
வாய் வருவதில்லை.
குறைய வேண்டாம் என்றும்
வருவதில்லை.
திருப்பாதிரிப்புலியூர்ச் சன்னதியில்
வெறுமனே நின்றுவிட்டு வந்தேன் ஒருநாள்.
அர்ச்சகர் யார் பேருக்கு என்றார்.
அல்லி, என்றேன்.
அப்புறம்?
அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தால் ஃபைல் திறந்து கிடக்கிறது.
வருமானச் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ்,
மூவரும் விறைப்பாக நிற்கும் போட்டோ
எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகப் பவுடர்.
டப்பா காலி.
"பாப்பாக்கு அரிக்கும்ல" என்கிறாள்.
திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.
அழுதபடி தூங்கிப்போனாள்.
ஊதி ஊதித் துடைத்தும்
பிளாஸ்டிக் உறைகளின் ஓரத்தில்
அது அப்படியே இருக்கிறது.

ஹாலிலிருந்து பூவராகன்,
"நூத்தி நாலு."

மறுநாள் பதினொன்றே கால்.
வாளியை நிரப்பினேன்.
மோட்டார் இல்லை, டேங்கில் மிச்சம்
நூலாக இறங்குகிறது.
ஜக்கையும் கீழே வைத்தேன்.
நிரம்ப நேரமாயிற்று.