இடது காது

போடோ துறைமுகக் காவல் நிலையத்தில்
இரவுத் தொலைபேசி என் பொறுப்பு.
காணாமல் போன தூர்கெய்ரின் புகைப்படம்
மூன்று வாரமாய்ப் படகுத்துறைக் கதவில் இருந்தது.
ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்தது:
சாம்பல் திரை, நேர்ப்பார்வை,
நெற்றியில் விளக்கு விட்டுப்போன வெள்ளைப் பொட்டு.
கதவைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் போனார்கள்.
ஒருவரும் அழைக்கவில்லை.

பிறகு மீன் ஆலையிலிருந்து யூருன் வந்து
ஐஸ் ரசீது ஒன்றின் பின்பக்கத்தை நீட்டினாள்.
பென்சில் கோடுகள், பன்னிரண்டோ பதிமூன்றோ.
ஒரு புருவம் பாதியில் நின்றிருந்தது.
கன்னம் வரையப்படவே இல்லை,
அந்த இடத்தில் தாள் மட்டும்.
"ஆறு வருஷம் பக்கத்து மேசையில் மீன் அறுத்தவர்,
இப்படித்தான் இருப்பார்."

நகலெடுத்து ஒட்டிய இரவே
பதினோரு அழைப்புகள்.
நார்விக் பேருந்தில் பார்த்தேன் என்றார் ஒருவர்.
என் பழைய கணக்கு வாத்தியார், ஆனால்
அவரைப் புதைத்தாயிற்றே என்று
தன்னையே கேட்டுக்கொண்டாள் ஒருத்தி.
ஒரு கிழவர் வெகுநேரம் மூச்சு மட்டும் விட்டார்.
"அது நானாக இருக்கலாம்" என்றார்,
மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார்.
எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினேன்.
அதற்கென்று அதில் கட்டம் எதுவும் இல்லை.

காலையில், அதாவது
வெளிச்சம் வராத ஒன்பது மணிக்கு,
அவர் மனைவி குட்ருன் வந்தாள்.
அன்று புகைப்படத்தை
கடிகாரம் பார்ப்பதுபோல் பார்த்து
ஆமாம் என்று கையெழுத்துப் போட்டவள்.
புகைப்படத்தோடு யார் சண்டைக்குப் போகிறார்கள்?

ரசீதுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டினாள்.
"தாடை சரியில்லை.
கண்ணுக்கு இவ்வளவு வயதில்லை.
இடது காது இப்படி விடைத்து நிற்காது,
அழிப்பான் இருக்கிறதா?"
மேசை இழுப்பறைகளைக் குடைந்து
ஒன்றைக் கண்டெடுத்துக் கொடுத்தேன்.
காதருகே கொண்டுபோனாள்.

"சிரிக்கும்போது மட்டும்தான் விடைக்கும்" என்றாள்,
எனக்கல்ல.
கை அங்கேயே நின்றது.

ஆறு வருஷம்,
கத்திச் சத்தமும் ஐஸும் நடுவே இருந்தும்
அந்தக் காதை இன்னொருத்தி பார்த்திருக்கிறாள்.
வீட்டில் அது கடைசியாக எப்போது விடைத்தது?
குட்ருன் கணக்குப் போடுவது தெரிந்தது.
உதவ என்னிடம் ஒன்றுமில்லை.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அழிப்பானைத் திருப்பித் தரவில்லை.
ரசீதை மடித்து, பிரித்து,
மடித்த கோடு முகத்தில் விழாதபடி
வேறு பக்கமாக மடித்தாள்.

தொலைபேசி அடித்தது, பன்னிரண்டாவது.
வணக்கம் சொல்லும் முன்பே கேட்டுவிட்டேன்:
"எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்?"