நாக்கில் இரண்டு எண்

எங்கள் ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தால்
உள்ளே இரண்டு எண் இருக்கும்.
இங்கிலாந்துக்கு ஐந்து. ஐரோப்பாவுக்கு முப்பத்தெட்டு.
கால் ஒன்றுதான்.
பதினோரு வருஷம் அதை நான் யோசித்ததே இல்லை.
ஆம்பூர் பைபாஸ் ஓரக் கம்பெனியில்
ஏற்றுமதிக் காகிதம் எழுதுகிறவன்.
ஒரு கண்டெய்னர், ஒரு பில், ராட்டர்டாம் துறைமுகம்;
அங்கிருந்து லாரி எந்த எல்லைக்குள் போனாலும்
கேட்க ஆள் கிடையாது.

அவர்கள் ஓட்டு எண்ணிய வெள்ளிக்கிழமை
ஜும்ஆவுக்குக் கிளம்பிய நயீம் சாப்
செல்போனைப் பார்த்தபடி படியிலேயே நின்றார்.
நேற்று நூறு ரூபாயாக இருந்த பவுண்டு
தொண்ணூற்று மூன்றில் தள்ளாடிக்கொண்டிருந்தது.
"ஏழு ரூபா" என்றார்.
செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.
விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லி
திங்கட்கிழமையே மெயில் வந்தது.

அடுத்த வருஷம் கிரஹாமே வந்தார்.
தையல் லைனில் நடந்தார்,
பிரியாணிக்குக் கத்தரிக்காய் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.
தானும் பிரியச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டாராம்.
எங்க வீட்டுச் சாவி எங்க கையில இருக்கணும் இல்லையா
என்பதுபோல் ஏதோ சொன்னார்.
நான் தமிழாக்கினேன்.
மகிமைராணி மெஷினை நிறுத்தாமல் கேட்டாள்:
"சரி சார், எத்தனை ஜோடி வேணுமாம்?"
அதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை.

பதில் பதினெட்டு டிசம்பரில் வந்தது.
இரட்டிப்பு வேணும்.
மார்ச் இருபத்தொன்பதுக்குள் அங்கே குடோன் நிரம்பணும்,
அப்புறம் எல்லை என்ன கேட்கும் என்று
எல்லைக்கே தெரியாது.
இரவு பத்து வரை ஓவர்டைம்.
பேரணாம்பட்டு வேன் கேட்டில் உறுமிக்கொண்டே காத்திருக்கும்.
மகிமைராணி தவணையில் ஃப்ரிட்ஜ் எடுத்தாள்.
நான் இன்னொரு சீட்டில் சேர்ந்தேன்.

மார்ச் இருபத்தொன்பது வந்தது, பிரிவு வரவில்லை.
ஏப்ரல் பன்னிரண்டு என்றார்கள்.
அக்டோபர் என்றார்கள்.
அங்கே எங்கள் ஷூ குடோன் கூரையைத் தொட
இங்கே பெல்ட் நின்றது.

அதே ஏப்ரலில் வேலூரிலும்
எம்.பி. தேர்தலை நிறுத்திவிட்டார்கள்;
எங்கேயோ கட்டுக்கட்டாய்ப் பணம் பிடிபட்டதாம்.
ஆம்பூருக்கு எம்.எல்.ஏ. இடைத்தேர்தல் மட்டும் நடந்தது.
பாதி ஓட்டு, முழு மை.
அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை.
மற்ற நாளும் விடுமுறைதான்,
சம்பளம்தான் இல்லை.

கடைசியில் நிஜமாகவே பிரிந்த ஜனவரியில்
என் ஒரு பில் நான்கு பில் ஆனது.
இந்தியத் தோலுக்கு ஹாலந்தில் ஒரு வரி,
கடலைத் தாண்டினால் அதே தோலுக்கு மறுவரி.
பெல்ஃபாஸ்ட் கடைக்கு நாற்பது பெட்டி:
அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
ஹெல்ப்லைனில் கேட்டேன்.
"ரெண்டும்" என்ற குரல்
காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டது.
பாட்டு நன்றாக இருந்தது.

கிரஹாம் கேன்சல் செய்த ஆயிரத்து அறுநூறு ஜோடியும்
பைபாஸ் கடைகளுக்குப் போயின.
பிராண்டு பெயரைப் பிளேடால் சுரண்டியிருந்தார்கள்,
எண்கள் மட்டும் பாக்கி.

ஒரு ஞாயிறு அங்கே மகிமைராணியைப் பார்த்தேன்.
லைனிலிருந்து நின்று மூன்று மாதம் ஆகிறது,
ஃப்ரிட்ஜுக்கு இன்னும் நாலு தவணை.
"சைஸ் என்னக்கா?" என்றான் கடைப்பையன்.
அவள் பதில் சொல்லாமல்
குதிகால் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள்.
"இது என்னுது இல்ல. ஷகிராவோடது.
அவ நூலை இழுத்துப் பிடிக்கவே மாட்டா."
முந்நூற்றைம்பது என்றான்.
"பொண்ணுக்கு, டிசம்பர்ல போட.
விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடு."

நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.
சேஷய்யர் மருந்துக் கடைப் பக்கமாய் நடந்துவிட்டேன்.