இடது கால்

முதுநகரில் வாடை ஒரு செய்தியல்ல.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வோம், அவ்வளவுதான்.
அதனால்
மூன்று வாரமாக என் காலடியில் கருகிக்கொண்டிருந்ததை
கம்பெனிக்காரன் கணக்கிலேயே எழுதிவந்தேன்.

வண்டி லேபுடையது. பழைய ஆல்டோ.
காலை நடை எனக்கு, மாலை நடை அந்துவானுக்கு.
பின்சீட்டு ஐஸ் பெட்டியில்
நாற்பது பேரின் ரத்தம்
பெயர் ஒட்டி, மூடி திருகி,
பதினோரு மணிக்குள் புதுச்சேரி போய்ச் சேரவேண்டும்.

கன்னியகோயில் தாண்டி ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தேன்.
என்ஜின் ஊரைக் கூட்டியது.
முள் ஏறியது, இரைச்சல் ஏறியது,
வண்டி மட்டும் அதே நாற்பதில்,
கூட்டத்தில் விசிலடித்துவிட்டு
ஓட்டுப்போட வராதவனைப்போல.

அரியாங்குப்பம் பாலத்து ஏற்றத்தில் நெரிசல்.
பின்னால் மூச்சுவிடும் தூரத்தில் மீன் டெம்போ.
பிரேக்கை விட்டு, கிளட்சைப் பாதியில் நிறுத்தி,
எப்போதும் பிடிக்கும் இடத்தில் தேடினேன்.
இல்லை.
இன்னும் மேலே. இல்லை.
முழங்கால் ஸ்டியரிங்கைத் தொடும் உயரத்தில்தான்
ஏதோ லேசாகப் பிடித்தது,
பிடித்து, வழுக்கி,
ஒரு முழம் பின்னால் உருண்டேன்.
பெட்டிக்குள் குழாய்கள் நடுங்கிய சத்தம்
பற்கள் கிட்டியதுபோல் கேட்டது.
ஹேண்ட்பிரேக்.
டெம்போக்காரன் சொன்னதை எழுத முடியாது.

நசுருதீன் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு
பெட்டியை மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் போனேன்.
'மீனாம்மா?' என்றார் கண்டக்டர்.
'ரத்தம்.'
பக்கத்து சீட் காலியானது.

மத்தியானம் திரும்பும்போது
கியர்பாக்ஸ் தரையில் கிடந்தது.
அவர் கையில் பிளேட்,
அடுப்பில் மறந்துபோன சப்பாத்தி நிறத்தில்.
ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன.
'முழுசா மிதிச்சா ரெண்டும் பிரிஞ்சிடும்.
முழுசா விட்டா ரெண்டும் ஒட்டிக்கும்.
ரெண்டுமே அதுக்குக் கஷ்டமில்ல.
நடுவுல வச்சிருந்தாதான் தேஞ்சே சாவும்.
ரெண்டு பேர்ல யாரு,
ஓடும்போதும் பெடல் மேலேயே காலை வச்சிருக்கறது?'

அந்துவான் என்றேன்.
போனில் அந்துவான்
தயங்காமல் தில்லைக்கரசி என்றான்.

நசுருதீன் பேசவில்லை. டார்ச் அடித்தார்.
பெடல் ரப்பர் வழுக்கையாகப் பளபளத்தது.
அதற்கு இடப்பக்கம்,
கால் ஓய்வெடுக்க வேண்டிய இடத்தில்,
மிதியடியின் பூப்போட்ட டிசைன்
கடையில் வாங்கிய அன்று போல
ஒரு இதழ்கூட அழியாமல் இருந்தது.

ஐயாயிரத்து அறுநூறு.
'ஓட்டுகிறவர்கள் பழக்கத்தால் வந்தது' என்று
லேப் இருவர் சம்பளத்திலும் பாதிப்பாதி பிடிக்கும்.
பதினான்கு மாதமாக
'அடுத்த மாதம் நிரந்தரம்' என்று சொல்லும் லேப்.
விடவும் மாட்டார்கள், சேர்க்கவும் மாட்டார்கள்.
இந்த ரிவெட் தலைகளை
அவர்கள் மேசையில் வைக்கலாமா என்று யோசித்தேன்.
வைக்கவில்லை.

புது கிளட்ச் வெண்ணெய்.
கீழேயே பிடிக்கிறது.
முருங்கப்பாக்கம் பக்கம் சுற்றிவந்து பார்த்ததில்
இரண்டு முறை குதித்து அணைந்துபோனேன்,
கால் இன்னும் பழைய உயரத்திலேயே
பதிலைத் தேடுகிறது.

ஊர் திரும்பும் நேர்சாலையில், நான்காவது கியரில்,
இடது காலைத் தூக்கிப் பூவின் மேல் வைத்தேன்.
வேலையில்லாத கால்.
விருந்தாளி வீட்டு நாற்காலி நுனியில்
உட்கார்ந்ததுபோல் இருந்தது அதற்கு.
ஆல்பேட்டை பாலத்தில் குனிந்து பார்த்தபோது
எனக்குத் தெரியாமல்
மறுபடி பெடலுக்குப் போயிருந்தது.
எடுத்தேன். போனது. எடுத்தேன்.

முதுநகருக்குள் நுழைகையில் வாடை.
நெஞ்சு திக்கென்றது.
ஓரம் கட்டி, கதவைத் திறந்து,
பெடல்வரை முகத்தை இறக்கி மோந்தேன்.

இல்லை,
இது ஊர்தான்.