சொல்லுக்கு நாற்பது ரூபாய்

கொள்ளுப்பிட்டிக் கந்தோரில், என் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே
தேத்தண்ணிக் கோப்பை வட்டம் பதிந்த ஒரு போட்டோகொப்பி:
அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம்,
நிறம், ஊர், மூலப்பொருள், பயன்.
ஆங்கிலத்தின் பெயரடைகள் இந்த வரிசையில்தான்
பெயர்ச்சொல்லின் வாசலுக்கு வருமாம்.
ஒன்று முந்தினால் போச்சு.
எந்த விதி மீறப்பட்டதென்று சொல்லத் தெரியாது,
ஆனால் கேட்டவர் முகம் சுளிக்கும்,
சோற்றில் கல் கடிபட்டதுபோல.

அழகிய சிறிய பழைய வட்ட மண்ணிற
ஒல்லாந்துத் தேக்குச் சாப்பாட்டு மேசை.
ஒன்பது சொல். முந்நூற்று அறுபது ரூபாய்.
வியாழன் நாலு மணிக்குள் தந்தால்
ஞாயிறு பேப்பரில் வரும்.

வலது பத்தியில் தளபாடம்.
இடது பத்தியில் மணமகன் தேவை.
ஆறு வருடம் இரண்டையும் தட்டச்சு செய்த பிறகு
ஒரு மழைநாளில்தான் கண்ணில் பட்டது,
இரண்டுக்கும் ஒரே வரிசை.
வடிவான, உயரமான, முப்பத்தொரு வயது,
மெலிந்த, பொதுநிற, யாழ்ப்பாண...
மூலப்பொருள் வரவேண்டிய இடத்தில் சாதி.
பயன் வரவேண்டிய இடத்தில்
ஒருவரும் ஒன்றும் எழுதுவதில்லை.
எல்லோருக்கும் தெரியும்தானே.

கோகுலராஜ் என்றொருவர் வந்தார், தங்கைக்காக.
"சாதியை முதல் போடுங்கோ. தடிச்ச எழுத்தில."
"ஆங்கிலத்தில அது ஏழாம் இடம், அண்ணை."
"காசு என்ர."
தங்கை மின்விசிறிக்குக் கீழ் கதிரையில்,
போனிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டா:
"எத்தினை சொல்?"
பதினாலு என்றேன்.
"அந்த 'வடிவான'வை வெட்டுங்கோ.
அது என்ர அபிப்பிராயமில்லை, அவற்ற."
நாற்பது ரூபாய் மிச்சம்.
அண்ணன் மீதியை எண்ணி வாங்கினார்.
அவ குடையை விரித்தபோது
ஒரு கம்பி உடைந்து தொங்கியது.
அது எந்த வகை என்று
நான் போட்டோகொப்பியைக் குனிந்து பார்த்தேன்.

தெமட்டகொடையிலிருந்து மஸாஹிரா,
அலுமாரி விற்க.
பெரிய, பழைய, கறுத்த, முதிரை
என்று நான் அடுக்கிக்கொண்டிருக்க,
"கதவு தூக்கினாத்தான் மூடும். அதயும் எழுதுங்க.
மறச்சு விக்க ஏலா."
எட்டு வகைக்குள்ளும் அதற்கு இடமில்லை.
ஆங்கிலத்தில் அது அலுமாரிக்குப் பின்னால்,
வாலாக, ஒன்பது சொல் நீளத்துக்குத் தொங்கும்.
"தமிழ்ப் பேப்பர்ல போடுவோமா?" என்றேன்.
தூக்கினால்தான் மூடும் அலுமாரி.
மூன்றே சொல். குறையும் முன்னால் வந்து நின்றது,
நிறத்துக்கும் மரத்துக்கும் பக்கத்தில்,
வெட்கப்படாமல்.
அவ விரல்விட்டு எண்ணிப் பார்த்து,
"தமிழ் மலிவு" என்று சிரித்தா.

அன்று பின்னேரம் காலி வீதியில்
பஸ்ஸுக்கு நின்றபடி எனக்கே ஒன்று எழுதிப் பார்த்தேன்.
அபிப்பிராயம் வராது. அதை வேறு யாராவது தரட்டும்.
அளவு, வயது, நிறம்: அடையாள அட்டையில் இருக்கிறது.
நாலு மணிக்குப் பிறகு ஓடிவருகிறவர்களையும்
திருப்பி அனுப்பாத,
முப்பத்தாறை முப்பத்திரண்டாக்கச் சொன்ன தகப்பனிடம்
பேனையை நீட்டி நீங்களே எழுதுங்கோ என்ற,
மீன் குழம்பைச் சூடாக்க மறந்து
குளிரக் குளிரத் தின்று பழகிய,
கடலைப் பார்த்து வீடெடுத்து
கடல் தெரியாத அறையில் படுக்கிற,
இடது செருப்பில் தண்ணீர் ஏறி நிற்கிற...

இன்னும் போகும். தமிழில் பெயர்ச்சொல்
எவ்வளவு நேரமும் காத்திருக்கும்.
பஸ் காத்திருக்காது.
ஏறினேன். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!"
கொண்டக்டர் எங்களை முதுகில் தட்டித் தட்டி
ஒழுங்குபடுத்தினான்.
எனக்கும் தூங்குகிற ஒரு பள்ளிப் பையனுக்கும் நடுவில்
பெரிய புதிய சிவப்புப் பிளாஸ்டிக் வாளி.
வரிசை சரி.
உள்ளே ஒரு நண்டு,
அது மட்டும் பக்கவாட்டில்.