சாவி வெட்டுபவரின் வாடகை

விளம்பரத்தில் ஹகரந்தா மரம் ஊதாவாய்ப் பூத்திருந்தது.
நாங்கள் போனது செப்டம்பரில்.
மரம் பச்சையாய்
தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாந்தா மரியா. மூன்றாம் மாடி. இரண்டு அறை.
ஜன்னலில் எட்டிப் பார்த்தால்
பூங்கா மண்டபத்தின் கூரை ஒரு விரற்கடை தெரியும்.
"பதினான்காயிரம் பேசோ," என்றான் வீட்டுக்காரரின் மருமகன்.
"ரோமாவில் இதற்கு இருபத்தெட்டு கேட்பார்கள்."

ரோமாவைப் பற்றி எங்களிடமே.
ஒன்பது வருடம் அங்கே இருந்தோம்.
ஒவ்வொரு கதவாய் எண்பூட்டு வந்தது,
வெள்ளி இரவுகளில் படியெல்லாம் சக்கரப்பெட்டிகள் உருண்டன.
கடைசியில் எங்கள் கதவுக்கும் ஓர் எண் வந்தது,
எங்களுக்குச் சொல்லாத எண்.

கதவிடுக்கில் மின்சார ரசீது.
அம்பாரோ வெலாஸ்கோ என்ற பெயர்.
"முன்பு இருந்தவர் எவ்வளவு கொடுத்தார்?"
"அது பழைய கதை."
ரசீதில் ஜூலை என்றிருந்தது.

கீழே சாவி வெட்டும் எலியூத்தேரியோவிடம் கேட்டேன்.
அம்பாரோ மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.
பழைய மெத்தை, அடுப்பு, பிரிட்ஜ் வாங்குகிறோம் என்று
ஒலிபெருக்கியில் ஒரு சிறுமி குரல் கத்திக்கொண்டு வருமே,
அந்த வண்டியில்தான் அவள் பிரிட்ஜ் போனதாம்.
மகள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

"மேலே எவ்வளவு சொன்னான்?"
சொன்னேன்.
இயந்திரத்தை நிறுத்தினார்.
"எனக்கு நாலாயிரத்து ஐந்நூறு," என்றார்,
நோயின் பெயரைச் சொல்வதுபோல் தணிந்த குரலில்.

இரவு, நாத்தனார் வீட்டில், பாய்விரிப்பு அளவு இடத்தில்
நசாரியோ சொன்னான்:
"நாம் எடுக்காவிட்டால் வேறு யாரோ எடுக்கப்போகிறார்கள்."
ரோமாவில் நம் வீட்டை எடுத்தவனும்
தன் மொழியில் இதைத்தான் சொல்லியிருப்பான் என்றேன்.
திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் பந்தித்லான் மெட்ரோ.
முதுகில் யாரோ கைவைத்துத் தள்ள, திரும்பினேன்.
அவன் முதுகிலும் ஒரு கை.
என் கை எங்கிருந்தது என்று
அப்போது நான் பார்க்கவில்லை.

நான் கணக்கு எழுதுபவள். எனக்கு இது தெரியும்:
பதினான்காயிரத்துக்கு நான் போடும் கையெழுத்து
எனக்கு வீடு.
எலியூத்தேரியோவுக்கு அது
அடுத்த ஒப்பந்தத்தில் வரப்போகும் எண்.
"பாருங்கள், மேலே அந்த அம்மாள் தருகிறாளே."

பேரம் பேசப் போனேன்.
வாழ்க்கையில் முதல்முறை
என் பைக்காக அல்லாமல் பேரம் பேசினேன்.
ஆறாயிரம் என்றேன்.
மருமகன் சிரித்தான், கெட்ட சிரிப்பல்ல,
குழந்தை பணத்தாளைக் கடிப்பதைப் பார்த்துச் சிரிப்பதுபோல.
"உங்களுக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், சென்யோரா."

வேண்டாம் என்று இறங்கி வந்தேன்.
படிகளில் என் காலடிச் சத்தம்கூட
நல்லவளுடைய சத்தமாய்க் கேட்டது.
இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மார்ச்சில் அந்தப் பக்கம் போனேன்.
விளம்பரம் பொய் இல்லை, மரம் நிஜமாகவே பூத்திருந்தது.
மூன்றாம் மாடியில் இரண்டு கனடாக்காரர்கள், ஒரு நாய்.
கையசைத்தார்கள்.
நல்லவர்கள்தான், எலியூத்தேரியோவே சொன்னார்,
பிறந்தநாளுக்கு கேக் கொடுத்தார்களாம்.

அவர் வாடகை?
ஜனவரியிலிருந்து ஒன்பதாயிரம்.
"நீ வருவாய் என்று நினைத்தேன்," என்றார்.
"செவ்வாய்தோறும் கட்டிடத்துக்காரர்கள் கூடுகிறோம்.
நாங்கள் ஏழு பேர், வக்கீல் ஒருத்தி.
கணக்குப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லை.
அவன் எந்தக் கணக்கைக் காட்டினாலும் தலையாட்டுகிறோம்."

"நான் எடுத்திருந்தால்
உங்கள் வாடகை ஏறியிருக்குமே."
"ஏறியிருக்கும்," என்றார்.
"உன் கை சுத்தம். சரி.
அதை வைத்து நான் என்ன செய்ய?"

நாத்தனார் வீட்டுச் சாவிக்கு நகல் கேட்டேன்.
வெட்டி, ஊதி, கொடுத்தார்.
பித்தளைப் பொடி விரலில் ஒட்டியது,
பாவாடையில் துடைத்தும் போகவில்லை.

இஸ்தபலாபாவிலிருந்து இங்கே வர
ஒன்றேமுக்கால் மணி நேரம்.
"செவ்வாய் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
இன்னொரு முறை கேட்டேன்.